முழங்கால் உயரத்தில் ஒரு காது

"இது என் கிடார் இல்லையே, தம்பி."

சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் உதவி சவுண்டு இன்ஜினியராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத சமயம். காலை 9 மணி கால்ஷீட்டுக்கு அந்தக் கிடாரிஸ்ட் 8 மணிக்கே வந்துவிட்டார். வாடகை ஆம்ப்பை (கிடாரின் சத்தத்தைப் பெருக்கித் தன் ஸ்பீக்கரில் ஒலிக்கும் பெட்டி) நம்பாதவர். தன்னுடைய வால்வு ஆம்ப்பைத் தானே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, நானும் அவருமாகத் தூக்கி உள்ளே வைத்தோம். வால்வு சூடாகும்வரை டீ குடித்தார். அப்புறம் அரைமணி நேரம் ஆம்ப்பின் முன்னால் நின்றபடி குமிழ்களைத் திருப்பித் திருப்பி ஒரு டோன் பிடித்தார். சும்மா சொல்லக்கூடாது, அருமையான டோன். ஒரு சுரத்தை அடித்துவிட்டு விரலை அசைத்தால் கட்டுமரம் அலையில் ஏறி இறங்குகிற மாதிரி இருந்தது.

நான் மைக் வைத்தேன். ஒரு டேக் வாசித்தார். கண்ட்ரோல் ரூமுக்கு வந்து கேட்டார். முகம் தொங்கிப்போயிற்று. அப்போது சொன்னதுதான் மேலே இருக்கிற வாக்கியம்.

ஸ்பீக்கரில் வந்தது ரம்பம் தகரத்தை அறுக்கிற சத்தம். நான் பதறிப்போய்க் கேபிளை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், கன்சோலில் (மைக்குகளின் ஒலியெல்லாம் வந்து சேரும் குமிழ் மேசை) வேறு சேனலுக்குப் போனேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே ரம்பம், அதே தகரம். அவர் ஒன்றும் சொல்லாமல் சோபாவில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

தலைமை இன்ஜினியர் பத்து மணிக்குத்தான் வருவார். வந்தவர் கன்சோலைத் தொடவே இல்லை. நேராக உள்ளே போய் ஆம்ப்பின் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "மண்டி போடு. மைக் இருக்கிற இடத்துல உன் காதை வை. சார், நீங்க வாசிங்க" என்றார். போட்டேன். ரம்பம். எழுந்து நின்றேன். கட்டுமரம்.

இதைப் பிறகு புத்தகத்திலும் படித்தேன். ஆனாலும் முதலில் முழங்கால்தான் கற்றுக்கொண்டது. பெரும்பாலான கிடார் ஆம்ப்களில் இருப்பது 12 அங்குல ஸ்பீக்கர், அதாவது 30 சென்டிமீட்டர். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். அலைநீளம் ஸ்பீக்கரின் அகலத்தைவிடச் சிறுக்கச் சிறுக்க, ஒலி அறை முழுக்கப் பரவாமல் டார்ச் வெளிச்சம் போல நேராகவே பாயும். தரையில் இருக்கிற ஆம்ப்பின் டார்ச் வாசிப்பவரின் முழங்கால் மேல்தான் படுகிறது. காது ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. அங்கே கூர்மை போதவில்லை என்று அவர் ட்ரெபிளைக் கூட்டுகிறார். இன்னும் போதவில்லை, இன்னும் கூட்டுகிறார். மைக் பாவம், டார்ச்சுக்கு நேர் எதிரே ஒரு அங்குலத்தில் கண்ணை விரித்துக்கொண்டு நிற்கிறது.

அன்றைக்குத் தலைமை இன்ஜினியர் செய்தது ஒரு நிமிட வேலை. மைக்கை ஸ்பீக்கரின் நடுக்குமிழிலிருந்து மூன்று விரல்கடை விளிம்புப் பக்கம் நகர்த்தினார். கிடாரிஸ்டிடம் ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். அவர் அரைமனதாக இறக்கினார். ரம்பம் போயிற்று. கட்டுமரம் வந்ததா என்றால், வரவில்லை. ஒரு நல்ல கிடார் சத்தம் வந்தது, அவ்வளவுதான். அவர் அதற்கு வாசித்துக் கொடுத்துவிட்டு, ஆம்ப்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்த "அவ்வளவுதான்" என்னைப் பல மாதம் உறுத்தியது. நான் அவருடைய டோனைத் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவு என்றால் இருப்பதை இருந்தபடி எடுத்து வைப்பது, ஊறுகாய் ஜாடி மாதிரி, என்பது என் எண்ணம். ஊறுகாய்கூட ஜாடிக்குள் மாறுகிறது என்பது அப்போது தோன்றவில்லை.

மைக் பிடிக்கும் வேலை மூன்று வருடம் எனக்குத்தான். தலைமை இன்ஜினியர் கற்றுத்தந்த வித்தைகளில் இன்றைக்கும் நான் விடாத ஒன்று உண்டு. கிடாரிஸ்டை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆம்ப்பை ஏற்றி வைத்தால் வெறும் 'இஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும் வரும். காதை நன்றாக மூடுகிற ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை ஸ்பீக்கரின் முகத்தில் மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். நடுவில் 'இஸ்ஸ்' என்பது விளிம்புக்குப் போகப் போக 'உஷ்ஷ்' ஆகும், அப்புறம் 'ஹூ' ஆகும். மழை தகரக் கூரையிலிருந்து ஓட்டுக் கூரைக்கும், அங்கிருந்து கூரைக் கொட்டகைக்கும் போகிற மாதிரி. எந்தக் கூரை வேண்டுமோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். இடையில் ஒரு விரல்கடை தூரம்தான். கன்சோலில் எத்தனை குமிழ் திருப்பினாலும் அந்த ஒரு விரல்கடை திரும்பக் கிடைக்காது.

தூரமும் அப்படித்தான். ஒருபக்கம் மட்டும் கேட்கும் மைக்குகளை ஒலியின் வாயருகே கொண்டுபோனால் அடித்தொண்டை கனக்கும். பாடகர்கள் மைக்கை உதட்டில் ஒட்டிக்கொண்டு குரலைப் பெருக்குகிறார்களே, அதே சங்கதி. நாங்கள் வைத்திருந்தது ஷூர் எஸ்எம்57. 1965-இல் வந்த மைக். உலகம் முழுக்க இன்றும் கிடார் ஆம்ப் முன்னால் முதலில் போய் நிற்பது அதுதான். விலை உயர்ந்த மைக் எதுவும் இல்லையா என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன்: கிடார் ஸ்பீக்கரே 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கையை விரித்துவிடும். இல்லாததைப் பிடிக்க எதற்கு லட்ச ரூபாய் மைக்?

நான் பண்ணிய கோளாறுகளையும் சொல்ல வேண்டும். ஒரு மைக்கே இவ்வளவு என்றால் இரண்டு வைத்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் ஆசை வந்துவிட்டது. தலைமை இன்ஜினியர் ஊரில் இல்லை. முதல் மைக் ஸ்பீக்கரை ஒட்டி, இரண்டாவது அதற்குச் சாண் தூரம் பின்னால். இரண்டையும் சம அளவுக்கு ஏற்றி ஒன்றாகக் கலந்து ஒரே டிராக்கில் பதிவு செய்துவிட்டேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் பிரமாதம். சேர்த்துக் கேட்டபோது ஏதோ குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அறையின் குணம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மிக்ஸ் செய்ய, அதாவது எல்லா டிராக்கையும் கலந்து பாட்டாக்க, வந்தவர் கேட்டுவிட்டு, "உள்ள எலும்பே இல்லையே, யாரு எடுத்தது?" என்றார்.

ஒரு சாண் வித்தியாசம், ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒலிக்கு அரை மில்லிசெகண்ட் தூரம். 1,000 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாக அரைச் சுற்று. ஒரு மைக் மேட்டைக் காட்டும்போது இன்னொன்று பள்ளத்தைக் காட்டும். கூட்டினால் பூஜ்யம். 3,000-இலும் 5,000-இலும் இதே கதை. கிடாரின் முகமே அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. தனித்தனி டிராக்கில் எடுத்திருந்தால் ஒன்றைக் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்திருக்கலாம். கிடாரிஸ்டைத் திரும்ப அழைத்து, அந்தச் செலவில் பாதியை என் சம்பளத்தில் பிடித்தார்கள். நியாயம்தான். அதிலிருந்து என் பையில் தையல்காரர் டேப் ஒன்று எப்போதும் இருக்கும்.

இன்னொன்று சிறு கோளாறு, நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவசரத்தில் ஒரு கிடாரை டிஐ பாக்ஸ் (கிடாரைக் கன்சோலுக்கு ஏற்றபடி இணைக்கும் சின்னப் பெட்டி) இல்லாமல் நேராகக் கீபோர்டு செருகும் லைன் இன்புட்டில் செருகிவிட்டேன். கம்பளி போர்த்திய சத்தம். கிடார் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்) எதிரே 10 லட்சம் ஓம் அளவுக்கு எதிர்ப்பு வேண்டும். லைன் இன்புட்டில் சில ஆயிரம் ஓம்தான். கூர்மையெல்லாம் செருகிய இடத்திலேயே செத்துவிடும். வாசித்தவர் தன் கம்பிகள் பழசாகிவிட்டன என்று நினைத்துப் புதுச் செட் வாங்கிவர ஆள் அனுப்பினார். நான் வாயைத் திறக்கவில்லை.

உறுமலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றைச் சுருள் பிக்கப் என்பது பாதி கிடார், பாதி ஆன்டெனா. டியூப்லைட் சோக், பழைய மானிட்டர், பக்கத்து அறை டிரான்ஸ்பார்மர் எல்லாம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் உள்ளே வந்துவிடும். வாசிப்பவர் திரும்பி உட்கார்ந்தால் ஏதாவது ஒரு திசையில் உறுமல் அடங்கும். எங்கள் அறையில் அது தென்மேற்கு. வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த மூலையைப் பார்த்தே வாசித்ததால், ஸ்டுடியோவில் ஏதோ வாஸ்து பார்க்கிறார்கள் என்று ஒரு தயாரிப்பாளர் நம்பியிருந்தார்.

சரி, அந்த 'அவ்வளவுதான்' விஷயத்துக்கு வருகிறேன். மைக் இடத்தைச் சரிசெய்த பிறகும் கட்டுமரம் ஏன் வரவில்லை? பாதி விடை சத்த அளவில் இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து வெளியிட்டது இது: சத்தம் குறையக் குறைய நம் காது அடித்தொனியைத்தான் முதலில் கைவிடும், உச்சத்தொனியும் கொஞ்சம் மங்கும். அறைக்குள் அவர் கேட்டது நெஞ்சுக்கூடு அதிர்கிற அளவில். கண்ட்ரோல் ரூமில் பேச்சுக்குரல் அளவில் அதையே போட்டால், ஒரு துளிகூட மாறாமல் பதிவாகியிருந்தாலும் இளைத்துத்தான் கேட்கும். போதாததற்கு, அறையில் அவர் கால்சட்டை ஆடியது. கம்பி அவர் விரலுக்குக் கீழே ஸ்பீக்கரின் காற்றால் திரும்ப அதிர்ந்தது. இதற்கெல்லாம் மைக் கிடையாது.

மறுபாதி பாட்டில் இருக்கிறது. தனியாக வாசிக்கும்போது கிடாரிஸ்ட் முழு வீட்டையும் தானே நிரப்பிக்கொள்கிறார். பாட்டுக்குள் வந்தால் கீழே பேஸ் கிடார் இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது, நம் ஊர்ப் பாட்டென்றால் தவிலோ தபேலாவோ இருக்கும், நடுவில் பாடகர் நிற்கிறார். கிடாரின் அடி ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். ஆனால் மிக்ஸில் 100-க்குக் கீழே இருப்பதை வெட்டாமல் விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வெட்டிய கிடாரைத் தனியாகக் கேட்டால் நோஞ்சானாக இருக்கும். பாட்டோடு கேட்டால் கச்சிதமாக உட்காரும். ஆகவே, மிக்ஸ் நடக்கும்போது கிடாரிஸ்டுக்குத் தனியாகப் போட்டுக் காட்டாதே என்பது எங்கள் தொழிலின் எழுதாத சட்டம்.

முறுக்கிய சத்தத்திலும் இதே முரண்தான். மேடையில் பெரிதாகத் தோன்றும் டிஸ்டார்ஷன், பதிவில் சப்பையாகிவிடும். முறுக்க முறுக்க மெல்லிய அடிக்கும் வலிய அடிக்கும் உள்ள வித்தியாசம் நசுங்கிப்போகிறது. முறுக்கைக் குறைத்து, அதே பகுதியை இரண்டு தடவை வாசிக்கவைத்து இடமும் வலமுமாக வைத்தால் சுவர் எழும்பும். சுவரெழுப்பப் பெரிய ஆம்ப்கூட வேண்டாம். 1968-இல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் லெட் செப்பலின் ராக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு ஜிம்மி பேஜ் வாசித்தது ஒரு டெலிகாஸ்டர் கிடாரும் சின்ன சூப்ரோ ஆம்ப்பும் வைத்து. 1970-இல் மயாமியில் கிடாரிஸ்டுகள் எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் ஃபெண்டர் சாம்ப் என்ற பொடியன் ஆம்ப்பில் வாசித்தார்கள், சுமார் 5 வாட். வேடிக்கை என்னவென்றால், அதே கிளாப்டன் 1966-இல் டெக்கா ஸ்டுடியோவில் மார்ஷல் ஆம்ப்பை மேடை அளவுக்கு ஏற்றித்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து ஜெயித்தவர். இரண்டுமே சரியாக வந்திருக்கின்றன. எந்த விதியையும் நான் இறுக்கிப் பிடித்துக்கொள்ளாததற்கு அவரும் ஒரு காரணம்.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் ஆம்ப்பே கிடையாது. மேல் மாடியில் குடித்தனம் இருக்கிறது. கிடார் நேராக டிஐ வழியாக உள்ளே வரும், கம்ப்யூட்டர் ஆம்ப்பாக நடிக்கும். 1998-இல் லைன் 6 பாட் என்ற, ஆம்ப்பாக நடிக்கும் சிவப்புச் சிறுநீரக வடிவப் பெட்டி வந்தபோது சிரித்தவர்களில் நானும் உண்டு. இன்று சிரிக்க முடியாது. நடிப்பில் முக்கால்வாசி ஸ்பீக்கருடையது. அந்த ஒரு பகுதியை அணைத்துப் பாருங்கள், காதுக்குள் கொசு புகுந்த மாதிரி இருக்கும். ஐஆர் (ஒரு ஸ்பீக்கர் ஒலிக்கும் விதத்தின் பதிவு) என்று வாங்கிப் போடும் அந்தச் சின்ன ஃபைலுக்குள் இருப்பது எங்கோ ஓர் அறையில், எவனோ ஒருத்தன் மண்டியிட்டு, விரல்கடை விரல்கடையாக நகர்த்தி நிறுத்திய ஒரு மைக். பையன்கள் ஒரு நிமிடத்தில் முப்பது ஐஆர் மாற்றிக் கேட்கிறார்கள். எனக்கு முழங்கால் வலிக்கிறது.

முதல் நாள் வந்த அந்தக் கிடாரிஸ்ட் எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். அதே ஆம்ப், அதே ஆட்டோ. இந்தத் தடவை நான் ஆம்ப்பைத் தரையில் வைக்கவிடவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றி, பின்பக்கம் சாய்த்து, டார்ச் நேராக அவர் முகத்தில் படுகிற மாதிரி வைத்தேன். ஒரு சுரம் அடித்தார். முகத்தைச் சுளித்தார். யாரும் சொல்லாமலே ட்ரெபிளை எட்டிலிருந்து நாலுக்கு இறக்கினார். "இதைத்தான் ஜனங்களுக்கு அனுப்பிக்கிட்டிருந்தேனா இத்தனை வருஷம்?" என்றார்.

அப்புறம் ஹெட்போனை என்னிடமிருந்து வாங்கி மாட்டிக்கொண்டு, அவரே மண்டியிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு 'இஸ்ஸ்' கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். கால்ஷீட் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் நிறுத்தி, "தம்பி, ஒரு டேப்புத் துண்டு கொடு" என்று வாங்கி ஆம்ப்பின் முகத்துணியில் பெருக்கல் குறியாக ஒட்டினார்.

சில வருடம் கழித்து ஒரு மெல்லிசைக் கச்சேரியில் அந்த ஆம்ப்பைப் பார்த்தேன். மேடையில் மைக் வைக்க வந்த பையன் வழக்கம்போல நடுவில் நீட்டினான். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "நடுவுல வேணாம்டா, அந்த டேப்பு மேல வை." நுனி சுருண்டு அழுக்கேறிப்போய் அது இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.