முதலில் வினா, பிறகு காணொளி

ஆசிரியர்களுக்கு மின்பாடம் தயாரிக்கக் கற்றுத்தரும் பயிற்சியில், மென்பொருளைத் திறப்பதை நாங்கள் பிற்பகலுக்குத் தள்ளிவிடுகிறோம். காலையில் எல்லார் கையிலும் இருக்க வேண்டியவை மாணவர்களின் பழைய விடைத்தாள்கள். பாடம் முடிந்ததும் மாணவர் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்று ஒரு வரி, அதைச் சோதிக்க மூன்று வினாக்கள். இவை தயாரான பிறகே காணொளி. வரிசை மாறினால் காணொளி 20 நிமிடத்துக்கு நீளும். வினாக்கள் அதில் சொல்லாததைக் கேட்கும்.

பலவுள் தெரிவு வினாவில் உழைப்பெல்லாம் தவறான விடைகளில்தான். 1/2 + 1/3 எவ்வளவு? சரியான விடை 5/6. கூடவே 2/5 என்று வைத்தால், தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டுகிறவர் தெரிந்துவிடுவார். 2/6, பகுதியைப் பொதுவாக்கிவிட்டுத் தொகுதியை அப்படியே விட்டவருக்கு. 1/6, பெருக்கிவிட்டவருக்கு. 100 என்று ஒரு தெரிவு வைத்தால் அதை யாரும் தொடமாட்டார்கள். இந்தத் தவறுகள் விடைத்தாளில்தான் கிடைக்கும், உட்கார்ந்து யோசித்தால் வராது. 40 பேரில் 22 பேர் 2/5 என்று குறித்திருந்தால் அடுத்த வகுப்பை எங்கே தொடங்குவது என்பது ஆசிரியருக்கு உடனே விளங்கும். மதிப்பெண் பட்டியல் மட்டும் இதைச் சொல்லாது.

வினாக்களை இணையப் படிவமாக அமைக்க உதவும் கூகுள் ஃபார்ம்ஸில் முதலில் அமைப்புகளுக்குப் போய்ப் படிவத்தை வினாடி வினாவாக மாற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு வினாவுக்கும் விடைக்குறிப்பு, மதிப்பெண், தவறினால் காட்டும் விளக்கம். தெரிவுகளின் வரிசையைக் கலைக்கும் வசதியை இயக்கினால் ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற தெரிவு கூடாது. அது முதல் இடத்துக்கே போய்விடலாம்.

குறுவிடை வினாக்களில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ‘பௌர்ணமி’யில் ஔகாரக் குறியை ஒரே எழுத்தாகத் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகவும் பலர் தட்டுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு வேறு சொற்கள். சரியாக எழுதிய பிள்ளைக்குப் பூஜ்யம் விழும். இரு வடிவங்களையும் விடைக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள். அளவுகளுக்கு ‘5 செ.மீ.’, ‘5 செமீ’ என்ற குழப்பம் வேண்டாம். அலகை வினாவிலேயே கொடுத்து எண்ணை மட்டும் கேட்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் வினாத்தாளை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். முதலில் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

காணொளிக்கு ஐந்து நிமிடம் போதும். 720பி படத்தரத்தில் தரவு வேகத்தை வினாடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தால் கோப்பின் அளவு நிமிடத்துக்குச் சுமார் 7.5 மெகாபைட் ஆகும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, செல்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசினாலே குரல் தெளிவாகப் பதியும். திரையில் இருக்கும் வாக்கியங்களை அப்படியே வாசிக்காதீர்கள்; படம் திரையில் இருக்கட்டும், விளக்கம் குரலில் வரட்டும்.

அனுப்பும் கட்டத்தில் அடிக்கடி நடப்பது, பதிலளிக்கும் இணைப்புக்குப் பதில் திருத்தும் இணைப்பு போய்விடுவது. அதற்கு அனுமதியும் திறந்திருந்தால் விடைக்குறிப்பு மாணவர் கைக்குப் போய்விடும். எனவே இணைப்பை முதலில் செல்பேசியில், சொந்தக் கணக்கில் நுழையாத தனிச்சாளரத்தில் திறந்து, வேண்டுமென்றே ஒரு வினாவைத் தவறாகக் குறித்துச் சமர்ப்பித்துப் பார்க்க வேண்டும். விளக்கம் சரியாக வருகிறதா, இணைத்த கோப்புகள் அனுமதி கேட்காமல் திறக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும்.