சப்வூஃபர் ஒருவழியாகச் சொல் கேட்கிறது

ஒலியளவைப் பத்து வீதத்துக்குக் குறைத்தேன். அடித்தொனிக்கென்று இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கரும் கூடவே இறங்கியது. இதில் என்ன புதினம் என்று சிலருக்குத் தோன்றும். லப்டொப்பில் லினக்ஸ் போட்டு, மற்ற ஸ்பீக்கர்கள் அடங்கிய பிறகும் சப்வூஃபர் மட்டும் தன்பாட்டில் அடித்துக்கொண்டிருப்பதைக் கேட்டு விசர் பிடித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோசம் என்று விளங்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மெஷின், பாரிஸில் இருக்கும் அக்கா அனுப்பிய பழைய கேமிங் லப்டொப். மேலே இரண்டு ஸ்பீக்கர், அடியில் ஒரு சப்வூஃபர். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு ஓடுகிறது. எந்தக் கம்பனி என்று எழுதவில்லை, இந்த வருத்தம் ஒரு கம்பனிக்கு மட்டும் உரியதல்ல.

சத்தத்தை முழுதாக வைத்தால் ஓரளவு சரியாக இருக்கும். பாதிக்குக் கொண்டுவந்தால் பேச்சு பின்னுக்குப் போய் அடித்தொனி முன்னுக்கு நிற்கும். கால்வாசிக்கு வந்தால் பேச்சே இல்லை, வெறும் உறுமல். அதோடு முழுச் சத்தத்திலும் ஆண்குரல் கீழ்ச்சுரத்துக்கு இறங்கும் இடத்தில் ஒரு பள்ளம். இது இரண்டாவது கோளாறு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததால்தான் ஆளைச் சுத்தவிட்டது.

யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது, "ஈக்வலைசரில கீழைக் குறை". ஈக்வலைசர் என்றால் ஒவ்வொரு அலைவரிசையின் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் மென்பொருள். தயவுசெய்து அதில் தொடங்காதீர்கள். ஒலியளவோடு சப்வூஃபர் இறங்காவிட்டால், ஈக்வலைசரில் நீங்கள் செய்யும் திருத்தம் ஒரேயொரு ஒலியளவுக்குத்தான் பொருந்தும். அடுத்த பாட்டுக்குச் சத்தத்தைக் கொஞ்சம் மாற்றினால் எல்லாம் பிழைத்துவிடும். முதலில் பார்க்கவேண்டியது, ஒலி எந்த வழியால் எந்த ஸ்பீக்கருக்குப் போகிறது என்பதை.

அந்த வழி முழுவதும் ஒரு கோப்பில் எழுதிக் கிடக்கிறது. ப்ராக் கோப்புறைக்குள் அசவுண்ட், அதற்குள் கார்ட் 0, அதற்குள் கோடெக் 0. திறந்தால் நோட் நோட்டாக, அதாவது ஒலிச்சிப்பின் உறுப்பு உறுப்பாக, நீளமாகப் போகும். எண்கள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறை அடியாகக் கொண்டவை. என் மெஷினில் மேல் ஸ்பீக்கர்கள் இரண்டும் நோட் 14, சப்வூஃபர் நோட் 17. நோட் 17க்குக் கீழே 'கனெக்ஷன்' என்ற வரியில் 02, 03, 06 என்று மூன்று டிஏசிகள் (எண்வடிவ ஒலியை மின்சிக்னலாக மாற்றும் பகுதிகள்) வரிசையாக இருக்கின்றன. எந்த எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதோ, அதுதான் இப்போது இணைக்கப்பட்டிருக்கிறது. என்னுடையதில் நட்சத்திரம் 06இல் நின்றது.

இனி அந்த மூன்று டிஏசிகளின் பகுதியையும் போய்ப் பாருங்கள். 02க்கும் 03க்கும் 'ஆம்ப் அவுட்' வரியில் 57 படி என்று இருக்கும். ஹெக்ஸ் 57 என்றால் 87. ஒரு படிக்கு 0.75 டெசிபெல், மொத்தம் 65.25 டெசிபெல். லினக்ஸின் ஒலியளவுக் கருவியான ஆல்சா மிக்ஸரில் ஒலியளவை அடிவரைக்கும் இறக்கினால் கழித்தல் 65.25 என்று காட்டுவது இதனால்தான். 06இன் பகுதியில் அந்த வரியே இல்லை. அந்த டிஏசிக்கு ஒலியளவுக் கட்டுப்பாடே கிடையாது! வருகிற சிக்னலை அப்படியே முழுதாக வெளியே தள்ளும். சப்வூஃபர் ஏன் அடங்க மறுத்தது என்பதற்கு முழுக் காரணமும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது.

ஒலிச்சிப்பை ஓட்டும் டிரைவர் மென்பொருள் ஏன் இப்படிச் செய்கிறது என்றால், அது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனி டிஏசி கொடுக்கப் பார்க்கிறது. ஸ்பீக்கருக்கு 02, ஹெட்போனுக்கு 03 கொடுத்த பிறகு சப்வூஃபருக்கு மிஞ்சியது 06. இந்தக் கோளாறு தெரியவந்த மெஷின்களுக்கு லினக்ஸின் மையமான கேர்னலில் விதிவிலக்குப் பட்டியல் இருக்கிறது. மெஷினின் அடையாள எண்ணைப் பார்த்து, 'இதற்கு 06ஐக் கொடுக்காதே' என்று சொல்லும் பட்டியல். என் மெஷின் அதில் இல்லை.

நிரந்தரமாக மாற்ற முன்னம் சோதித்துப் பார்க்க அருமையான கருவி ஒன்று இருக்கிறது, எச்டிஏ வெர்ப். ஆல்சா டூல்ஸ் பொதியோடு வரும். நோட் 17க்கு 701 என்ற கட்டளையையும், பின்னால் 0 என்ற எண்ணையும் அனுப்பினால், வரிசையில் முதலாவதாக உள்ள 02க்கு இணைப்பு மாறும். 1 என்றால் 03, 2 என்றால் 06. மெஷினை மறுபடி தொடக்கவும் வேண்டாம், பாட்டை நிறுத்தவும் வேண்டாம். ஒலியளவைக் கால்வாசியில் வைத்து, மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்றை ஓடவிட்டுக்கொண்டே கட்டளையை அடித்தேன். தொப்பியின் உறுமல் அந்தக் கணத்திலேயே இறங்கி, வலந்தலையின் எழுத்து ஒவ்வொன்றும் மேலே வந்தது. மறுபடி 2 கொடுத்தால் உறுமல், 0 கொடுத்தால் தெளிவு. மாற்றி மாற்றி அடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே கேட்டேன்.

ஒரு விசயத்தைக் கவனியுங்கள். எச்டிஏ வெர்ப் நேரடியாகச் சிப்போடு கதைக்கும், டிரைவருக்கு அது தெரியாது. பாட்டை நிறுத்திச் சற்று நேரத்தில் சிப் நித்திரைக்குப் போய், பிறகு எழும்பும்போது டிரைவர் தன் பழைய கணக்கைத் திரும்ப எழுதிவிடும். நட்சத்திரம் மறுபடி 06இல் நிற்கும். சோதனை பலிக்கவில்லை என்று அந்த இடத்தில் கைவிட்டுவிடாதீர்கள். நிரந்தர வழி, டிரைவர்களுக்கான அமைப்புகள் இருக்கும் மொட்ப்ரோப் கோப்புறையில் ஒரு வரி. டிரைவரின் மூலக்கோப்பில் 'ஸ்பீக்கர்2 டு டிஏசி1' என்று முடியும் மாடல் பெயர் ஒன்று உண்டு, அதைக் கொடுத்தால் சரி. புதிய இன்டெல் மெஷின்களில் எஸ்ஓஎஃப் டிரைவர் ஓடும். அங்கே பழைய எச்டிஏ டிரைவருக்கான வரி எடுபடாது, எஸ்ஓஎஃப்புக்கு என்று இருக்கும் எச்டிஏ மாடல் வரியைப் போடவேண்டும். இன்னும் சில மெஷின்களில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், சிரஸ் லொஜிக் ஆகியவற்றின் ஸ்மார்ட் அம்ப்கள் (ஒலியைப் பெருக்கும் சிப்புகள்) இருக்கும். அவற்றுக்கு உரிய உள்மென்பொருளான ஃபேர்ம்வெயார் ஏறவேண்டும். உங்களுடையது அந்த வகையென்றால் நான் சொல்லும் வைத்தியம் பொருந்தாது.

சரி, சொஃப்ட்வெயார் பக்கம் முடிந்தது. பள்ளம் அப்படியே இருந்தது.

அடிமூடியைக் கழற்றினேன். சப்வூஃபரை யாரோ முன்னமே மாற்றியிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. வயரில் புதிய ஈயம், இறப்பர் வளையங்களில் இரண்டைக் காணோம். அதன் இரும்புத் தகட்டின் ஓரமெல்லாம் கரிய தூசு. தூரிகையால் தட்டினால் விழவில்லை, நகர்ந்து போய்ப் பக்கத்தில் ஒட்டியது. அது கருமணல். நான் இருப்பது புதுக்குடியிருப்புப் பக்கம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து கொக்கிளாய், புல்மோட்டை வரைக்கும் கடல்மணலில் இல்மனைட் என்ற கருங்கனிமம் கலந்து கிடக்கிறது. புல்மோட்டையில் அதைக் காந்தம் வைத்துத்தான் பிரித்தெடுக்கிறார்கள். காற்று வீட்டுக்குள் கொண்டுவந்து போடுவதை லப்டொப்பின் விசிறி அடியால் இழுத்துக்கொள்கிறது. உள்ளே ஸ்பீக்கர் காந்தம் இருந்தால் பிறகென்ன! ஊதுவதில் பயனில்லை. நன்றாக ஒட்டும் மஸ்கின் ரேப்பைச் சிறு துண்டாக வெட்டி, ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும். கூம்பின் தாளில் ரேப் படாமல் ஓரத்தில் மட்டும். கையில் பிடித்திருக்கும் இரும்பு ஸ்குறூ ட்றைவரைக் காந்தம் சடாரென்று இழுத்துக் கூம்பைக் குத்திவிடும், ஆகவே மூங்கில் குச்சியால் வேலை செய்யுங்கள்.

இல்லாத இறப்பர் வளையங்களுக்குச் சைக்கிள் ரியூப். தோல் குத்தும் கருவியால் துளை போட்டு, ஸ்குறூவின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்தேன். இறுக்கிப் பூட்டக்கூடாது. ஸ்பீக்கர் பெட்டி விரலால் தொட்டால் சற்று அசையவேண்டும். இறுக்கினால் அதிர்வு முழுவதும் மெஷினின் உடம்புக்கு இறங்கிக் கீபோட் கிலுகிலுக்கும்.

சாமான் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம். புது சப்வூஃபர் ஒன்றும் தேடிப் பார்த்தேன். கிளிநொச்சியில் ஒரு கடையில், "அண்ணை, அது தனிய வராது, செற்றாத்தான் எடுக்கவேணும்" என்றார் தம்பி. கொழும்பு என்றால் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசா, இல்லாவிட்டால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெரு. தெரிந்த ஆள் வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டால் பரந்தன் சந்தியில் நின்று எடுத்துக்கொள்ளலாம். கொடுக்க முன்னம், அந்த ஆளிடம் மீற்றரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் நாலுக்குச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும், அது சரியான அளவு. ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. என்னுடையது நல்ல அளவைக் காட்டியதால் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

இனிப் பள்ளம். மாற்றிய ஸ்பீக்கர், புது ஈயம் என்றதும் எனக்குப் பட்டது, வயர் திருப்பிப் பூட்டப்பட்டிருக்கும் என்று. சப்வூஃபரும் மேல் ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்கும் அலைவரிசைகளில் ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். மிகக் கீழே சப்வூஃபர் மட்டும், மிக மேலே சின்ன ஸ்பீக்கர் மட்டும் என்பதால் அங்கே ஒன்றும் தெரியாது. நடுவில் மட்டும் பள்ளம் விழும். ஆண்குரலின் கனத்தில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது.

பார்ப்பது சுகம். பேனா ரோர்ச்சுக்குப் போடும் 1.5 வோல்ற் பற்றரி ஒன்று போதும். ஸ்பீக்கர் வயரை போர்டிலிருந்து கழற்றிய பிறகு, சிவப்பு வயருக்கு நேர்முனையையும் கறுப்புக்கு எதிர்முனையையும் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளிப்பக்கம் எகிறவேண்டும். மேல் ஸ்பீக்கர் இரண்டும் வெளியே வந்தன. சப்வூஃபர் உள்ளே போனது. சின்னக் கூம்பின் அசைவு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ரோர்ச்சைச் சரித்துப் பிடித்துக் கூம்பின் பளபளப்பைப் பார்த்தால் அந்த ஒளி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பிடிபடும். பற்றரியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். வயர் போர்டில் பூட்டியிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. இந்த அம்ப்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் சிக்னல் போகிறது, எதுவும் கிரவுண்ட் இல்லை. எந்த வயராவது மெஷினின் தகட்டில் பட்டாலும் அம்புக்கு ஆபத்து.

இரண்டு வயரையும் இடம் மாற்றி ஈயம் வைத்தேன். ஓடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் 100இலிருந்து 500 ஹேர்ட்ஸ் வரைக்கும் ஏறும் தொனி ஒன்றைச் செய்து ஓடவிட்டு, போனில் அலைவரிசைகளைக் கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ராய்டைத் திறந்து வைத்துப் பார்த்தேன். முன்னம் 250 ஹேர்ட்ஸ் பக்கத்தில் தொய்ந்து கிடந்த கோடு நிமிர்ந்துவிட்டது. அளப்பதற்கு இரவுதான் நல்லது. பகலில் சோளகக் காற்று போனின் மைக்கில் அடித்துக் கீழ் அலைவரிசைகளை மறைத்துவிடும். விசிறியையும் நிறுத்தவேண்டும். இரவில் தவளை எவ்வளவு கத்தினாலும் அது மேல் அலைவரிசையில், அளவைக் கெடுக்காது.

இடது ஸ்பீக்கர் வலதைவிட மெல்லியதாக இருந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. வலையில் தூசு அடைத்திருந்தது, ஆல்சா மிக்ஸரிலும் இரண்டு பக்கமும் சமமாக இல்லை. பி விசையைத் தட்டினால் சமமாகிவிடும்.

அக்காவின் மகன் வந்து தன் துப்பாக்கி விளையாட்டைப் போட்டான். அவனுக்கு வேண்டியதெல்லாம் காலடிச் சத்தம். "மாமா, பின்னால இடப்பக்கம் ஆள் வாறது கேக்குது" என்றான். முன்னம் வெடிச்சத்தத்தின் உறுமல் அதை விழுங்கிவிடும். அவனுக்கு இது போதும். எனக்குப் போதாது.

சப்வூஃபரும் மேல் ஸ்பீக்கரும் இப்போது ஒரே டிஏசியில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே அளவு. எனக்கு சப்வூஃபர் இன்னும் ஒரு பிடி குறையவேண்டும். இப்போதைக்கு ஈசி எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளின் ஈக்வலைசரில் 180 ஹேர்ட்ஸ் பக்கம் 4 டெசிபெல் குறைத்து வைத்திருக்கிறேன். ஒலியளவோடு எல்லாம் சேர்ந்து இறங்குவதால் இனி அந்தத் திருத்தம் எந்த அளவிலும் நிற்கும். ஆனால் 03 இருக்கிறதே! அதற்கும் 87 படி இருக்கிறது. ஹெட்போன் குத்தினால் ஸ்பீக்கர்கள் எப்படியும் ஊமையாகிவிடும், ஆகவே 03ஐ சப்வூஃபரும் ஹெட்போனும் பங்குபோடலாம். அப்படிச் செய்தால் சப்வூஃபருக்குத் தனி ஒலியளவு கிடைக்கும். எச்டிஏ வெர்ப்பில் 1 கொடுத்துப் பார்த்தேன், சத்தம் வருகிறது. லினக்ஸில் ஒலியை நிர்வகிக்கும் பைப்வயர் அந்த இரண்டு அளவையும் சேர்த்து ஓட்டுமா என்பதுதான் அடுத்துப் பார்க்கவேண்டியது.

அதற்கிடையில் மெஷினின் ஒலி அமைப்பை விவரிக்கும் ஆல்சா இன்ஃபோ அறிக்கையை எடுத்து லினக்ஸ் சவுண்ட் அஞ்சல் பட்டியலுக்கு அனுப்பப் போகிறேன். ஏற்றுக்கொண்டால் இந்த மெஷினின் எண்ணும் விதிவிலக்குப் பட்டியலில் ஏறும், இதே மெஷினை வைத்திருக்கும் வேறு யாரும் மொட்ப்ரோப் வரி எழுதத் தேவைப்படாது. உங்கள் மெஷினிலும் நட்சத்திரம் 06இல் நின்றால் நீங்களும் அனுப்புங்கள். அறிக்கையோடு, எந்த நோட்டை எந்த டிஏசிக்கு மாற்றியபோது சரிவந்தது என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.