ரோபாலோவும் பனிமீனும்

அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவில் கப்பல் ஏறுவதற்கு முந்தின இரவு, துறைமுகத்துக்கு மேலே ஒரு சின்ன உணவகத்தில் ரோபாலோ சாப்பிட்டேன். பீகிள் கால்வாயில் கிடைக்கும் மீன். உப்பு, எலுமிச்சை, அவ்வளவுதான். மிளகாய்த்தூள் கேட்டால் விரட்டிவிடுவார்கள் என்று பயந்து கேட்கவில்லை.

அப்புறம் நாட்கணக்கில் அலையும் குமட்டலும். தென் அட்லாண்டிக்கில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவுக்கு முந்தின நாள் கப்பலில் வந்த கடல் உயிரியலாளர் திரையில் இரண்டு படங்களைப் போட்டார், தசையைக் குறுக்கே வெட்டிய படங்கள். ஒன்றில் நெருக்கமாகச் சின்னச் சின்ன வட்டங்கள், இன்னொன்றில் கொஞ்சமே, ஆனால் பெரிது பெரிதாக. ஒவ்வொரு வட்டமும் ஒரு தசை இழை. முதலாவது நான் தின்ற ரோபாலோ! இரண்டாவது அதன் அண்டார்டிக் சொந்தக்காரன், பனிமீன்.

நமக்குத் தசை இழைகளின் எண்ணிக்கை பிறக்கும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. உடற்பயிற்சி செய்தால் ஏற்கெனவே இருக்கும் இழைதான் தடிக்கும். மீன்களோ பிறந்த பிறகும் நெடுநாள் புது இழைகளைச் சேர்த்துக்கொண்டே வளரும். அண்டார்டிக் மீன்கள் இதில் சிக்கனம். எண்ணிக்கையைக் குறைத்து, இருப்பதையே தடிக்க விடுகின்றன. வேக நீச்சலுக்கான வெள்ளைத் தசையில் ஓர் இழையே அரை மில்லிமீட்டரை நெருங்கும். நம்முடையது அதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது.

ஏன் இப்படி? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக இயன் ஜான்ஸ்டன் குழு 2003இல் தந்த விளக்கம் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு இழையின் தோலிலும் அயனிகள், அதாவது மின்னூட்டமுள்ள உப்புத் துகள்கள், கசிந்துகொண்டே இருக்கும், திருப்பி இறைக்க ஆற்றல் வேண்டும். பத்து சின்னப் பானைகளைவிட ஓர் அண்டாவுக்கு ஓரம் குறைவு, கசிவும் குறைவு. ஆனால் அண்டா பெரிதானால் நடுவரை ஆக்சிஜன் போய்ச் சேராதே? அங்கேதான் குளிர் உதவுகிறது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், உடலின் தேவையோ குறைவு. பனிமீனுக்கு இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினே கிடையாது, இரத்தம் நிறமற்றது. திமிங்கில வேட்டைக்காரர்கள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நார்வேயின் யோஹான் ரூட் 1954இல்தான் அறிவியல் உலகுக்கு எழுதினார்.

மறுநாள் தெற்கு ஜார்ஜியாவின் கிரித்விக்கன். 1904இல் தொடங்கிய திமிங்கில எண்ணெய் ஆலை துருப்பிடித்து நிற்கிறது. அண்டார்டிக் பயணி ஷாக்கிள்டனின் கல்லறைக்குப் போகும் வழியை ஒரு கடல்நாய் (ஃபர் சீல்) மறித்துக்கொண்டு உறுமியது. சரி, நீயே போ என்று கரைப்பக்கம் ஒதுங்கினேன்.

பழுப்புக் கடற்பாசிக்கு அடியில் ஒரு மீன், என்ன இனமோ. கேமராவை எடுப்பதற்குள் விரல்கள் விறைத்துவிட்டன. நெஞ்சுத் துடுப்புகளை மட்டும் மெல்ல விசிறி நகர்ந்தது. வாலை ஒருமுறைகூட அடிக்கவில்லை.