டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்

புதுச்சேரிக்காரர்களுக்கு ஆயி மண்டபம் தெரியாமல் இருக்காது. முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறோம், சரி. வீட்டுக் குழாயில் வருவதை யார் சோதிக்கிறோம்?

எங்கள் தெருவில் பலர் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு "300தான், நல்ல தண்ணி" என்கிறார்கள். அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைத்தான் சொல்லும், கிருமியை அல்ல. கடலோர ஊரில் உப்பையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் வாந்தி பேதி வருவது வேறு வழியில். தண்ணீர் விடும் நேரம் போக மீதி நேரம் குழாயில் அழுத்தம் இருக்காது. அப்போது விரிசல் உள்ள இடத்தில் பக்கத்துச் சாக்கடை உள்ளே இறங்கும். மேல்நிலைத் தொட்டியில் சோதனைக்கு எடுத்த தண்ணீர் சுத்தமாகவே இருக்கும். தெருக்கோடி வீட்டில் கதை வேறு.

சாக்கடை கலந்தால் முதலில் தீர்ந்துபோவது, கிருமியைக் கொல்லத் தண்ணீரில் கலக்கும் குளோரின். அதனால்தான் கடைசி வீட்டுக் குழாயில் அது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் வேண்டும். 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) அறவே இருக்கக் கூடாது. அதைச் சோதிக்க ஆய்வகம்தான் வழி. குளோரினுக்குச் சின்ன சோதனைப் பெட்டி போதும். மருந்தைக் கலந்து, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

லேசான குளோரின் வாசனைக்கு முகம் சுளிப்பவர்கள், அது திடீரென்று நின்றுபோனால் புகார் கொடுங்கள்.

மழைக்கு முன்னால் எங்கள் தெருக்கோடியில் சோதிக்கலாம் என்றிருக்கிறேன். பெட்டி வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.