ரஷ்யன் பி.ஏ. ஆனர்ஸ்: சேரப் போகிறவர்களுக்குக் கொஞ்சம்

ரஷ்ய மொழி படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் தஸ்தயேவ்ஸ்கியை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். இளங்கலை முதல் வருடத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டீர்கள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது டெல்லி ஜே.என்.யூ.வில். ரஷ்யன் முன்னமே தெரிந்திருக்க வேண்டியதில்லை, எழுத்திலிருந்தே ஆரம்பிப்பார்கள். 2022 முதல் சேர்க்கை சி.யூ.இ.டி. என்கிற பொது நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது. அதைப் பற்றி யூடியூபில் ஊரே பேசுகிறது, நான் நேராக வகுப்புக்குப் போகிறேன்.

எழுத்து மொத்தம் 33. அச்செழுத்து சீக்கிரம் பிடிபட்டுவிடும். கையெழுத்துதான் படுத்தும். போர்டில் எழுதுவதும் சரி, நாம் பரீட்சையில் எழுத வேண்டியதும் சரி, எல்லாம் கூட்டெழுத்து. அதில் இ, ஷ, ம, ல ஒலிகளுக்கான எழுத்துகள் எல்லாமே கொக்கி கொக்கியாக இருக்கும், நாலும் அடுத்தடுத்து வந்தால் கம்பிவேலியைப் பார்க்கிற மாதிரி இருக்கும். ரஷ்யர்களிலேயே சிலர் அடையாளத்துக்காக ஷ-வின் அடியில் ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான்.

உச்சரிப்பில் எல்லாரும் பயமுறுத்துகிற ஒரு உயிரெழுத்து உண்டு, ஊ-வும் இல்லாமல் ஈ-யும் இல்லாமல் நடுவில் நிற்கிறது. வடக்கத்தி நண்பர்கள் திணறினார்கள். நமக்கு 'அது', 'காது' என்று முடிக்கும்போது உதட்டைக் குவிக்காமல் ஒரு உகரம் வருகிறதே, கிட்டத்தட்ட அங்கிருந்து தொடங்கலாம், நாக்கைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் போதும்.

வேற்றுமை ஆறு என்றதும் 'நம்மிடம் எட்டு இருக்கே' என்று தெம்பாக உட்கார்ந்தேன். அந்தத் தெம்பு நாலு வகுப்புக்குத் தாங்காது. தமிழில் ஐ, ஆல், கு என்று உருபைக் கொண்டுபோய் எதில் வேண்டுமானாலும் ஒட்டலாம். அங்கே ஆண்பால், பெண்பால், அஃறிணை மாதிரி ஒரு மூன்றாவது பால், அதற்கு மேல் ஒருமை பன்மை, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விகுதி, முன்னால் நிற்கிற பெயரடையும் சேர்ந்து மாற வேண்டும். எண்கள் இன்னும் மோசம். 2, 3, 4-க்குப் பின்னால் பெயர்ச்சொல் ஆறாம் வேற்றுமை ஒருமையில் வரும், 5 ஆனதும் பன்மை, 21 வந்ததும் திரும்ப எழுவாய் ஒருமை! கடையில் முட்டை கேட்பதற்குக்கூட இலக்கணம் போட வேண்டும். அட்டவணையை மனப்பாடம் செய்வதை என் அளவில் வீண் என்பேன். முழு வாக்கியங்களாக வாயில் போட்டுக்கொண்டதுதான் நின்றது.

இரண்டாம் வருடம் வினைச்சொல். இது பலருக்கு வெறுத்துப்போகிற இடம். 'போனேன்' என்று சும்மா சொல்ல முடியாது. நடந்தா வண்டியிலா, ஒரு வழியாகவா போய்த் திரும்பியா, இதெல்லாம் முடிவு செய்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். அப்புறம் செயல் முடிந்ததா, நடந்துகொண்டிருந்ததா என்பதற்கு வேறு வேறு வினைகள். இதில் மட்டும் 'படித்தேன்', 'படித்துவிட்டேன்' என்று வித்தியாசம் பார்த்துப் பேசிப் பழகிய நமக்கு ஒரு பிடி கிடைக்கிறது, எல்லா இடத்திலும் பொருந்தாது என்றாலும்.

என்னைக் கரை சேர்த்தது செய்யுள். ரஷ்யனில் எந்த அசையில் அழுத்தம் விழும் என்பதற்கு நம்பகமான விதி இல்லை, சாதாரணப் புத்தகங்களில் குறியும் போட மாட்டார்கள். அழுத்தம் விழாத 'ஓ' கிட்டத்தட்ட 'அ' ஆகிவிடும், பால் என்பதை 'மொலொகோ' என்று எழுதி 'மலகோ' என்பார்கள். கை என்பது 'ருகா', அழுத்தம் கடைசியில். 'கையை' என்றால் 'ரூகு', அழுத்தம் முதலுக்கு ஓடிவிடும். புஷ்கினின் செய்யுள் நாவலான ஒனேகினில் தத்யானா எழுதும் கடிதத்தை ஒப்பிக்கச் சொன்னபோது இது என்ன பள்ளிக்கூடமா என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் ஒரு இடத்தில் அழுத்தம் தப்பினால் அடியே நொண்டுகிறது, காதே காட்டிக்கொடுக்கிறது. ஹாஸ்டல் மொட்டைமாடியில் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்லிச் சொல்லித்தான் என் ரஷ்யன் பேச்சு மாதிரி கேட்க ஆரம்பித்தது. இலக்கியத் தாளும் மொழித் தாளும் வேறு வேறு என்று நினைத்து முதலாவதைக் கோனார் நோட்ஸ் பாணியில் ஒப்பேற்றுகிறவர்கள் இரண்டாவதிலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிகிரியோடு தோர்ஃபல் தேர்வும் எழுதி வையுங்கள், வெளிநாட்டவரின் ரஷ்ய மொழித் திறனைச் சோதிக்கிற தேர்வு அது. இலக்கணம், வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று ஐந்து பகுதி. ரஷ்யப் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழியிலேயே படிக்க முதல் நிலை, அதாவது பி1, வேண்டும். வேறு ஸ்லாவிய மொழி வேண்டுமென்றால் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. போலிஷில் வேற்றுமை ஏழு, ஆனால் ரஷ்யன் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பல்கேரியனில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை அநேகமாக உதிர்ந்தே போய்விட்டது, கொடுத்துவைத்தவர்கள்.

வேலை? டெல்லியில் மத்திய ஆசிய நாடுகளிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள். நம்மூர்ப் பக்கம் கூடங்குளம் இருக்கிறது, ரஷ்யத் தொழில்நுட்பத்தில் இரண்டு உலைகள் ஓடுகின்றன, மேலும் நான்கு கட்டப்படுகின்றன. ஆனால் அந்த மாதிரி இடங்களில் செக்கோவ் கதைகளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வால்வு, வெல்டிங், பம்பு, கசிவு, இதற்கெல்லாம் ரஷ்யனில் என்ன சொல் என்று கேட்பார்கள், அதுவும் பேசப் பேச உடனுக்குடன். அந்தப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் மூன்றாம் வருடத்திலேயே ரஷ்ய மொழியில் வருகிற இயந்திரக் கையேடுகளை இணையத்தில் எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிடுங்கள், படத்தோடு இருப்பதால் அகராதி அதிகம் தேவைப்படாது.