ஆப்பிரிக்க நத்தையும் பையனின் தலைவலியும்

நத்தை பொறுக்கப் போகிறவர்களுக்கும், பொறுக்கிவிட்டு வந்து தலைவலி என்று படுத்துக் கிடப்பவர்களுக்கும் உபயோகப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் எங்கள் ஊரில் மழை பிடித்துவிட்டால் வாழைத் தோட்டம், ரப்பர் விளை, கிணற்றுச் சுவர், மாட்டுத் தொழுவம் என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் ஆப்பிரிக்க நத்தைதான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நம் மாவட்டத்துக்குக் கிடைப்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் அந்தச் சனியனுக்கும் அதனால் வருஷத்துக்கு இரண்டு சீசன். ஏத்தன் வாழைக் கன்றின் குருத்தைத் தின்னும், பப்பாளியைத் தின்னும், சிரட்டையில் வடிகிற ரப்பர் பாலைக்கூட விடாது. அதனால் பக்கத்து விளைக்காரர்கள் சேர்ந்து ராத்திரி டார்ச்சும் பக்கெட்டுமாக இறங்கினோம். நான், பால் வெட்டுகிற ஒரு அண்ணன், கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற சார், அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா மகன். அவன் என்னை மாமா என்பான், எங்களில் இளையவன், பக்கெட் நிறைக்கிறதிலும் அவன்தான் முதல்.

சார் இருந்ததால் பொறுக்குவதோடு நிற்கவில்லை. கொன்ற நத்தையை வீட்டுத் திண்ணையில் வைத்துக் கீறிக் காட்டுவார். ஒவ்வொரு நத்தைக்குள்ளும் ஆண் உறுப்பும் உண்டு, பெண் உறுப்பும் உண்டு. ஆனாலும் முட்டையிட இன்னொன்றோடு சேரத்தான் வேண்டும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் விந்தை உள்ளேயே சேமித்து வைத்துக்கொண்டு பல மாதம் கழித்தும் முட்டையிடும், ஒரு ஈட்டுக்கே நூறு, இருநூறு. ஓடு வளர்க்கச் சுண்ணாம்பு வேண்டும் என்பதால்தான் வெள்ளையடித்த சுவரில் ஏறி நக்குகிறது. வெயில் காலத்தில் ஓட்டின் வாயை ஒரு மெல்லிய சவ்வால் அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் உறங்கிவிடும், நாம் ஒழிந்தது என்று நினைப்போம். இது நம் நாட்டுப் பிராணியும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மொரீஷியஸ் வந்து, அங்கிருந்து 1847இல் வில்லியம் பென்சன் என்பவர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து ஒரு தோட்டத்தில் விட்டது. அந்த ஆளுக்கு வேறு வேலை இல்லையா என்று பால் வெட்டுகிற அண்ணன் கேட்டதை அப்படியே எழுத முடியாது.

கையுறை போடுங்கள் என்று சார் முதல் ராத்திரியே சொல்லியிருந்தார், இதற்குள் எலியின் புழு இருக்கும் என்று. போட்டோம். ஆனால் ஆபத்து கையில் மட்டும் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

பையனுக்குத் தலைவலி தொடங்கியபோது யாரும் நத்தையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. மழையில் நனைந்தது என்றார்கள். முதலில் போன கிளினிக்கில் சைனஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள், அடங்கவில்லை. அப்புறம் வாந்தி, லேசான காய்ச்சல். கழுத்தைக் குனிய முடியவில்லை. எனக்குப் பயம் வந்தது அவன் சொன்ன இன்னொரு விஷயத்தால்: "சட்டை உரசினாலே தோள் எரியுது மாமா." தோலில் புண் இல்லை, தடிப்பும் இல்லை, தொட்டாலே எரிச்சல். சாரிடம் போனில் சொன்னேன், அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, நத்தை விஷயத்தை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்" என்றார்.

சொன்னேன். ஸ்கேனில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இரத்தத்தில் ஈசினோபில், அதாவது உடம்புக்குள் புழு இருந்தால் கூடுகிற ஒருவகை வெள்ளணு, ஏகமாகக் கூடியிருந்தது. நம் ஊரில் இப்படிக் கழுத்து இறுகி வந்தால் காசநோய் மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்றுதான் முதலில் பார்ப்பார்கள், அவர்களும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அக்கா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "மக்களே, முதுவுல ஊசி போட்டா இடுப்பு விழுந்துரும்னு சொல்லுதாவளே." அந்த ஊசி இறங்குவது தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழே, நரம்பு வேர்கள் நீரில் மிதக்கிற பகுதியில் என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார், நான் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் சம்மதித்தது எங்கள் விளக்கத்தாலா, பையன் வலி தாங்காமல் "எடுங்கம்மா, எடுத்துத் தொலையுங்க" என்று கத்தியதாலா, எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

நீர் நல்ல அழுத்தத்தோடு வந்ததாம். எடுத்த கொஞ்ச நேரத்திலேயே தலைவலி இறங்கியது, அதுவரை எந்த மாத்திரையும் செய்யாத வேலை. அந்த நீரில் ஈசினோபில் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் நத்தையிலிருந்து வரும் அந்த எலிப்புழுவால் உண்டாகிற மூளைக்காய்ச்சலைச் சந்தேகிப்பார்கள். ஆனால் உரிய சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லாவிட்டால் லேபில் அதைச் சாதாரண வெள்ளணு என்று எண்ணிவிட்டுப் போகவும் வாய்ப்புண்டு. நத்தை என்று முதலிலேயே சொன்னதால் டாக்டர் அதைக் கேட்டு எழுதியிருந்தார். பையனுக்கு அளவு மிக அதிகம்.

பிறகுதான் டாக்டர் உட்கார்ந்து விசாரித்தார்: பச்சையாக ஏதாவது சாப்பிட்டாயா? நத்தையை இல்லை, யாரும் அப்படித் தின்னவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அவன் சொன்னான், தினமும் வாழை வாய்க்கால் ஓரத்து வல்லாரையைப் பறித்து அப்படியே மெல்லுவேன், நினைவாற்றலுக்கு நல்லது என்று. அந்த வாய்க்கால் ஓரம்தான் எங்களுக்கு அதிகம் நத்தை கிடைக்கிற இடம். இலையோடு ஒட்டிய குட்டி நத்தையோ, ஓடில்லாத சின்ன அட்டைநத்தையோ வயிற்றுக்குள் போயிருக்கலாம். வல்லாரைதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனால் அங்கிருந்த எல்லோருக்கும் அது பொருந்திப் போனது.

நடப்பது இதுதான். எலியின் நுரையீரல் இரத்தக்குழாயில் வாழும் புழு இது, 1935இல் சீனாவின் காண்டன் நகரத்து எலிகளில் கண்டு எழுதினார்கள், மனிதரில் முதலில் கண்டது 1945இல் தைவானில். எலியின் எச்சத்தில் வரும் குஞ்சுப்புழுவை நத்தை தின்கிறது, நத்தைக்குள் இருமுறை சட்டை உரித்து முதிர்கிறது, எலி நத்தையைத் தின்றால் மூளை வழியாகத் திரும்ப நுரையீரல் போகிறது. மனிதருக்குள் வந்தால் மூளை வரை வந்து, வழி தெரியாமல் அங்கேயே சாகிறது. அந்தச் சாவுக்கு நம் உடம்பு காட்டுகிற கோபம்தான் இந்தத் தலைவலி. அதனால்தான் புழு மருந்தை அவசரப்பட்டுக் கொடுப்பதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, புழு மொத்தமாகச் செத்தால் வீக்கம் கூடுமே என்று. இவனுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள், வலி கூடியபோது இன்னொரு முறை நீர் எடுத்தார்கள். அந்த முறை அக்கா அழவில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது என்று டாக்டர் சொன்ன பிறகும் சில சொந்தக்காரர்கள் வார்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், அதை என்னவென்று சொல்ல.

இதற்கிடையில் சார் சும்மா இருக்கவில்லை. வாய்க்கால் ஓரத்து நத்தைகளைப் பழைய கல்லூரிக்குக் கொண்டுபோய், சதையை நறுக்கி, வயிற்று அமிலம் போன்ற பெப்சின் கரைசலில் செரிக்க வைத்து, அடியில் படிந்ததை மைக்ராஸ்கோப்பில் பார்க்க எங்களையும் கூப்பிட்டார். அரை மில்லிமீட்டர் அளவில் நெளிந்துகொண்டிருந்தன. பால் வெட்டுகிற அண்ணன் பார்த்துவிட்டு அன்று டீகூடக் குடிக்கவில்லை. நத்தைக்குள் வேறு புழுக்களும் உண்டு, மரபணு சோதனை இல்லாமல் இது அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் சார். எனக்கு அந்த நிதானம் பிடித்திருந்தது.

பையன் எழுந்துவிட்டான். தோள் எரிச்சல் மட்டும் வெகுநாள் விடாமல் வந்து போய்க்கொண்டிருந்தது, இப்போது அதுவும் இல்லை. நத்தை வேட்டையும் நிற்கவில்லை. ஈரச் சாக்கில் முட்டைக்கோஸ் இலை, பப்பாளி இலை வைத்து ஒரே இடத்தில் கூட வைக்கிறோம், இடுக்கியால் எடுத்து உப்புத் தண்ணீர் பக்கெட்டில் போடுகிறோம், செத்ததைச் சுண்ணாம்பு தூவிக் குழியில் மூடுகிறோம். உப்பை மண்ணில் நேரடியாக அள்ளி வீசுகிறவர்களோடு இன்னும் சண்டைதான், வாழை வேர் என்ன ஆகும் என்று அவர்களுக்குக் கவலையில்லை. நர்சரியிலிருந்து வரும் செடிப் பையின் மண்ணைத் தட்டி முட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் விளைக்குள் விடுகிறோம். வல்லாரையை அக்கா இப்போது வேகவைத்துத் துவையல் அரைக்கிறாள், பையன் ருசி போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுகிறான்.