உளுந்துக்குப் பொருத்தம் பார்த்த காலம்

பயறு ஆராய்ச்சிக்கு வந்த புதிதில் என் கணக்கு ரொம்ப எளிது. நன்றாகக் காய்க்கும் இரண்டு உளுந்து ரகங்களை எடுத்து ஒட்டுச் சேர்த்தால் அதைவிட நன்றாகக் காய்க்கும் பிள்ளை பிறக்கும், அவ்வளவுதான்.

ஒட்டுச் சேர்ப்பது கண்ணைக் கெடுக்கும் வேலை. உளுந்தில் பூ விரியும் முன்பே மகரந்தப்பை உள்ளுக்குள் வெடித்துவிடும். அதனால் மறுநாள் காலை விரியப்போகும் மொட்டை முந்தின மாலையே இனம்கண்டு, இடுக்கியால் இதழைப் பிரித்து, சுருண்ட படகிதழுக்குள் இருக்கும் பத்து மகரந்தத் தாள்களையும் சூலகமுடிக்குக் காயம்படாமல் எடுக்க வேண்டும். காலையில் ஆண் செடியின் பூவைக் கொண்டுவந்து தடவி, அடையாளத்துக்கு நூல் கட்ட வேண்டும். நூறு மொட்டில் பத்துப் பதினைந்து பிஞ்சு நின்றாலே அன்றைக்கு எல்லோருக்கும் டீ என் செலவு.

முதல் வருடத்து எஃப் ஒன் செடிகளில், அதாவது ஒட்டின் முதல் தலைமுறையில், பாதி போலி. தாய்க்கு வழவழப்பான காய், தந்தைக்கு ரோமக் காய். ரோமம்தான் ஓங்கு பண்பு, ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளியே தெரிந்துவிடும். உண்மையான ஒட்டு என்றால் காயில் ரோமம் இருந்தாக வேண்டும். வழவழவென்று காய்த்ததெல்லாம் நான் தாமதமாகத் திறந்து, அதற்குள் தன் மகரந்தத்திலேயே சூல்கொண்டுவிட்ட மொட்டுகள். சரி, மிச்சமாவது தேறுமா என்றால், அம்மா அப்பாவைவிட ஒரு பிடிகூடக் கூடுதலாகக் காய்க்கவில்லை. மூத்த விஞ்ஞானி வம்சாவளி ஏட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "தம்பி, ரெண்டுக்கும் தாத்தா ஒண்ணு. பங்காளி வீட்டுலயே பொண்ணு எடுத்திருக்கீங்களே!"

அடுத்த முறை தூரத்து உறவாகப் பார்த்துச் சேர்த்தேன். எஃப் ஒன் செடி தளதளவென்று பாத்தியை அடைத்துக்கொண்டு நின்றது. போட்டோகூட எடுத்தேன். அடுத்த தலைமுறையில் கலப்புத்தன்மை (தாயிடமும் தந்தையிடமும் வெவ்வேறு மரபணு வடிவம் பெற்றிருப்பது) பாதியாகிவிடும், அந்த வீரியமும் கூடவே இறங்கும் என்பதைப் பாடத்தில் படித்திருந்தும் வயலில் பார்த்தபோது வலித்தது.

துவரை வேறு சாதி. தேனீ வந்து மகரந்தம் மாற்றும். நல்ல மகரந்தம் உண்டாகாத ஆண் மலட்டுச் செடியும் கிடைத்தது. 1991-இல் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐசிபிஎச் 8 வீரிய ஒட்டு ரகம் வந்தது, பிறகு கோவையிலிருந்து கோபிஎச் 1. அதிலும் விதை உற்பத்தி வயலில் பூக்கும் சமயம் தாய் வரிசையின் பாதிச் செடிகளை, அதாவது மலடில்லாதவற்றை, தேடித் தேடிப் பிடுங்க வேண்டியிருந்தது. உளுந்துக்கு அந்த வழியே இல்லை. இங்கே எஃப் ஒன் வீரியம் விவசாயியின் வயலுக்குப் போகாது. எந்த ஜோடியின் சந்ததியில் தேடலாம் என்று எங்களுக்குக் காட்டும் ஒரு குறி, அவ்வளவே.

அப்புறம்தான் ஒவ்வொரு பெற்றோரையும் பல ரகங்களோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஒரு நாட்டு ரகம்; கொடி ஓடும், தனியாக விட்டால் சுமாராகத்தான் காய்க்கும். ஆனால் எதோடு சேர்த்தாலும் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகக் காய்த்தன, மஞ்சள் தேமல் நோய்க்கும் தாங்கின. ஏட்டில் அதற்குப் பெயர் பொது இணைவுத்திறன். தோட்டத்து அக்காக்கள் வைத்த பெயர் 'சம்பந்தி'. பறிக்கும்போது காய் வெடித்துச் சிதறும் என்பதால் அந்தச் சம்பந்தியைத் தினமும் வாய் ஓயாமல் திட்டவும் செய்வார்கள்.